பாடத்திட்டத்தை ஐந்தாவதாக எடுங்கள்: குறைந்த வருமான ஹிஸ்பானிக் பெற்றோருக்கான வகுப்பை அமைக்கும் வழிகாட்டி

டெக்சாஸிலோ கலிபோர்னியாவிலோ பள்ளி மாவட்டத்தில் வேலை பார்க்கும் தமிழர்கள், சமூகப்பணி படிக்கப் போனவர்கள், பிள்ளையின் பள்ளியில் பெற்றோர் குழுவில் இருப்பவர்கள் ஆகியோரில் சிலருக்கு என்றாவது இந்தப் பொறுப்பு வந்து சேரும்: “நம் பகுதி ஸ்பானிய மொழிக் குடும்பங்களுக்குப் பெற்றோர் வகுப்பு ஒன்று தொடங்கிக் கொடுங்கள்.” பொறுப்பு கிடைத்த மறுநாளே எல்லாரும் தேடுவது பாடத்திட்டத்தைத்தான். என் கணிப்பில் அது ஐந்தாவதாகச் செய்ய வேண்டிய வேலை. அதற்கு முன்னுள்ள நான்கையும் சரியாகச் செய்தவர்களின் வகுப்பில் கடைசி வாரம் வரை நாற்காலிகள் நிறைந்திருக்கும். மற்றவர்களிடம் அருமையான பாடப்புத்தகமும் காலி அறையும் மிஞ்சும்.

படி 1: யாருக்காக என்று முதலில் எழுதிவையுங்கள்

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் ஹிஸ்பானிக் மக்கள் (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வம்சாவளியினர்) 6.21 கோடி, மொத்தத்தில் 18.7 சதவீதம். இத்தனை பேரை ஒரே பெட்டிக்குள் போட்டது படிவங்களின் வசதிக்காக. நியூயார்க்கில் இருக்கும் போர்த்தோ ரிக்கோ குடும்பம் பிறப்பிலேயே அமெரிக்கக் குடியுரிமை பெற்றது. 1917 முதல் அங்கே அதுதான் நிலை. சான் அன்டோனியோவின் மேற்குப் பகுதியில் நான்கு தலைமுறையாக வாழும் மெக்சிக வம்சாவளிக் குடும்பத்தின் இளம் தாய்க்கு ஸ்பானிய மொழி அரைகுறையாகத்தான் வரும். ஹூஸ்டனுக்குப் புதிதாக வந்த ஹோண்டுராஸ் தாய்க்கு ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது. கலிபோர்னியாவின் ஆக்ஸ்நார்டில் ஸ்ட்ராபெரி பறிக்கும் குடும்பங்களில் பலருக்குத் தாய்மொழி மெக்சிகோவின் பழங்குடி மொழியான மிஸ்டெக்கோ; அவர்களுக்கு ஸ்பானிய மொழியே பள்ளியிலோ வேலையிடத்திலோ கற்ற இரண்டாம் மொழி. மிஸ்டெக்கோ பேசும் தாயிடம் ஸ்பானிய மொழியில் அச்சடித்த கையேட்டைக் கொடுத்துவிட்டு ‘மொழி வசதி செய்துவிட்டோம்’ என்று அறிக்கை எழுதுவது நடக்கிறது. அவருக்கு வேண்டியது வாட்ஸ்அப்பில் அவர் மொழியிலேயே வரும் ஒலிப்பதிவு.

ஆகவே, எதையும் திட்டமிடும் முன் பதினைந்து இருபது குடும்பங்களோடு பேசுங்கள். பள்ளி வாசல், சலவைக்கடை, ஞாயிறு திருப்பலி முடியும் நேரம், சமூக மருத்துவமனையின் காத்திருப்பு அறை ஆகியவை நல்ல இடங்கள். கருத்துக்கணிப்புத் தாள் வேண்டாம். வீட்டில் எந்த மொழி பேசுகிறீர்கள், வேலை எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது, பகலில் குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள், பிள்ளையைப் பற்றி உங்களுக்கு உறுத்துகிற விஷயம் எது என்று கேட்டால் போதும். மூன்றாவது கேள்விக்குப் பல வீடுகளில் ‘பாட்டி’ என்று பதில் வரும். அப்படியானால் உங்கள் வகுப்புக்குப் பாட்டியும் வர வேண்டும். ‘பெற்றோர் வகுப்பு’ என்று பலகையில் எழுதி அவரை வெளியே நிறுத்திவிடாதீர்கள்.

படி 2: பயத்தைப் பற்றி முதல் நாளே பேசுங்கள்

இது இப்போது மிகக் கனமான படி. ஒரே வீட்டில் அம்மாவுக்கு ஆவணம் இல்லாமலும், அப்பாவுக்குத் தற்காலிக அனுமதி இருந்தும், பிள்ளைகள் அமெரிக்கக் குடிமக்களாகவும் இருப்பது சாதாரணம். பள்ளி, தேவாலயம், மருத்துவமனை போன்ற இடங்களில் குடிவரவு அதிகாரிகள் நடவடிக்கை எடுப்பதைக் கட்டுப்படுத்திய வழிகாட்டுதல் 2025 ஜனவரியில் ரத்துசெய்யப்பட்டது. வகுப்பு பள்ளியில்தானே நடக்கிறது, பத்திரமான இடம்தானே என்று முன்பு தைரியமாகச் சொல்ல முடிந்ததை இப்போது அப்படியே சொல்ல முடியாது.

செய்யக்கூடியவை உண்டு. குடிவரவு நிலையைக் கேட்காதீர்கள். யாராவது தானாகச் சொன்னாலும் எங்கும் எழுதாதீர்கள். உங்களிடம் இல்லாத தகவலை யாரும் உங்களிடமிருந்து வாங்க முடியாது. வருகைப் பதிவுக்கு முதற்பெயர் போதும் என்றால் முதற்பெயரோடு நிறுத்துங்கள். நிதி கொடுப்பவர் முகவரி கேட்டால், எதற்காக, யார் பார்ப்பார்கள் என்று குடும்பங்களிடம் விளக்கிய பிறகு மட்டும் வாங்குங்கள். புகைப்படம் எடுப்பதைத் தனியே அனுமதி கேட்டுச் செய்யுங்கள். முகநூலில் போட்டு மகிழும் ஆசையை அடக்குங்கள். அதிகாரிகள் வந்தால் யார் போய்ப் பேசுவது, நீதிபதி கையெழுத்திட்ட ஆணைக்கும் துறை தானே அச்சடித்த ஆணைக்கும் என்ன வேறுபாடு என்பவற்றை ஒரு குடிவரவு வழக்கறிஞரை வைத்து ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

ஒரு விஷயத்தை உறுதியாகச் சொல்லலாம். 1982ஆம் ஆண்டு பிளைலர் எதிர் டோ வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, ஆவணம் இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் அரசுப் பள்ளி இடம் மறுக்க முடியாது. டெக்சாஸில் பிறந்த வழக்கு அது. ஏழைக் குழந்தைகளுக்கான மத்திய அரசின் முன்பருவக் கல்வித் திட்டமான ஹெட் ஸ்டார்ட் விஷயத்தில் நிலைமை அவ்வளவு தெளிவாக இல்லை. 2025 ஜூலையில் மத்திய சுகாதாரத் துறை அதில் சேர்வதைக் குடிவரவு நிலையை வைத்துக் கட்டுப்படுத்த முயன்றது. மாநிலங்களும் அமைப்புகளும் வழக்குத் தொடுத்து இடைக்காலத் தடை வாங்கின. உங்கள் மாநிலத்தில் இன்றைய நிலை என்ன என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு வகுப்பில் சொல்லுங்கள்.

இன்னொரு பயமும் இருக்கிறது. குழந்தைகள் கொடுமைப்படுத்தப்படுவதாகச் சந்தேகம் வந்தால் அதைத் தெரிவிப்பது டெக்சாஸில் ஒவ்வொருவரின் சட்டக் கடமை. பெற்றோர் மனம் திறந்து பேசிய பிறகு இந்தக் கடமையை அவர்களுக்கு நினைவூட்டுவது துரோகம். முதல் வகுப்பிலேயே எதைத் தெரிவிக்க வேண்டியிருக்கும், எது நமக்குள் இருக்கும் என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

படி 3: முன்னால் நிற்கும் ஆளைத் தேடுங்கள்

லத்தீன் அமெரிக்காவிலும் எல்லையோர அமெரிக்காவிலும் ‘ப்ரோமோதோரா’ என்று ஒரு பழைய வழக்கம் உண்டு. அந்தத் தெருவிலேயே வசிக்கும், அந்த மக்கள் ஏற்கெனவே யோசனை கேட்கும் பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்து உடல்நலச் செய்திகளைக் கொண்டுபோக வைப்பது. பெற்றோர் வகுப்புக்கும் இதைவிட நல்ல வழியை நான் பார்க்கவில்லை. முனைவர் பட்டம் பெற்ற உளவியலாளர் பின்னால் இருந்து ஆலோசனை சொல்லட்டும். முன்னால் நிற்பவர், ஏழு வயதுப் பிள்ளை மருத்துவரிடம் தனக்கு மொழிபெயர்த்த நாளை அறிந்தவராக இருக்கட்டும்.

இருவரை வேலைக்கு எடுங்கள். ஒருவர் வகுப்பை நடத்தும்போது மற்றவர் அறையைக் கவனிப்பார்: யார் பேசவில்லை, யார் அழுகையை அடக்குகிறார், யார் படிக்கத் தெரியாததால் தாளைத் தலைகீழாக வைத்திருக்கிறார் என்று. இருவருக்கும் சம்பளம் கொடுங்கள். தயாரிப்பு நேரத்துக்கும், வராதவர்களுக்குத் தொலைபேசியில் பேசும் நேரத்துக்கும் சேர்த்துக் கொடுங்கள். ‘சமூக சேவைதானே’ என்று ஏழைப் பெண்களின் உழைப்பை இலவசமாக வாங்குவது வறுமை ஒழிப்புத் திட்டத்துக்குப் பொருந்தாது.

படி 4: நேரம், வண்டி, சாப்பாடு, குழந்தை

வகுப்பு வெல்வதும் தோற்பதும் இங்கேதான். இவை நான்கும் ‘கூடுதல் வசதிகள்’ என்ற தலைப்பில் பட்ஜெட்டின் அடியில் கிடந்தால், பணம் குறையும்போது முதலில் வெட்டப்படும். மேலே கொண்டுவாருங்கள்.

நேரம்: பகலில் வீட்டில் இருக்கும் தாய்மாருக்குப் பிள்ளையைப் பள்ளியில் விட்ட கையோடு காலை வகுப்பு பொருந்தும். ஹோட்டல் அறை சுத்தம் செய்பவருக்கும் கட்டட வேலைக்காரருக்கும் மாலை அல்லது சனிக்கிழமை. பண்ணை வேலைக் குடும்பங்களுக்குப் பயிர்தான் நாள்காட்டி. கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் கீரை அறுவடை நவம்பரில் ஓய்ந்து அரிசோனாவின் யூமாவுக்கு நகர்கிறது. அதோடு பல குடும்பங்களும் நகர்ந்து, வசந்த காலத்தில் திரும்புகின்றன. அக்டோபரில் அங்கே பத்து வார வகுப்பைத் தொடங்கினால் அதை முடிக்க ஆள் இருக்காது. மெக்சிகக் குடும்பங்களுக்கு டிசம்பர் 12 குவாதலூப்பே மாதா திருநாள் தொடங்கி ஜனவரி 6 மூவரசர் நாள் வரை விழாக்காலம். அது தொடங்கும் முன்பே ஒரு பருவத்தை முடித்துவிடுங்கள்.

வண்டி: பல நகரங்களில் பஸ் மணிக்கு ஒன்றுதான். ஓட்டுநர் உரிமம் எல்லாரிடமும் இருக்காது. பல மாநிலங்கள் ஆவணமற்றவர்களுக்கு உரிமம் தருவதில்லை. வீட்டிலிருந்து நடந்து வரக்கூடிய பள்ளி, தேவாலய மண்டபம், குடியிருப்பின் சமூக அறை ஆகியவற்றுள் ஒன்றைப் பிடியுங்கள். முடியாவிட்டால் வேன் ஏற்பாடு செய்யுங்கள்.

சாப்பாடு: மாலை வகுப்பென்றால் முழுச் சாப்பாடு. வேலை முடிந்து வருபவருக்கு பிஸ்கட் தட்டை நீட்டாதீர்கள். வெளியே வாங்குவதைவிட அதே பகுதியில் சமைத்து விற்கும் பெண்களிடம் வாங்கினால் பணமும் அங்கேயே சுற்றும், சாப்பாடும் வாய்க்குப் பிடிக்கும்.

குழந்தைகள்: பெற்றோர் பக்கத்து அறையில் இருக்கும்போது கைக்குழந்தையிலிருந்து பத்து வயது வரை வயதுக்கேற்பப் பிரித்து, பயிற்சி பெற்ற ஆட்களை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை ‘குழந்தைக் காவல்’ ஆக விடாமல், பெற்றோர் அன்று கற்பதையே பிள்ளைகளோடு விளையாட்டாகச் செய்யவையுங்கள். வகுப்பின் கடைசி இருபது நிமிடம் இரு அறைகளும் ஒன்றாகிச் செய்து பார்க்கலாம்.

படி 5: ஏற்கெனவே உள்ள மாதிரிகளில் ஒன்றை எடுங்கள்

புதிதாகப் பாடத்திட்டம் எழுத உட்காராதீர்கள். ஐம்பது ஆண்டு வேலை உங்களுக்கு முன்னால் நடந்திருக்கிறது.

அவான்சே என்ற திட்டம் 1973இல் சான் அன்டோனியோவின் மிராசோல் அரசுக் குடியிருப்பில், க்ளோரியா ரோட்ரிகஸ் என்ற முன்னாள் ஆசிரியையின் பொறுப்பில் வேரூன்றியது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள தாய்மாருக்கு ஒன்பது மாத வகுப்பு, வாரம் ஒரு முறை, மூன்று மணி நேரம். ஒரு மணி நேரம் குழந்தை வளர்ச்சி பற்றிய பாடம். ஒரு மணி நேரம் நூலகம், மருத்துவமனை, தொழிற்பயிற்சி எனச் சமூக வளங்கள் பற்றியது. மீதி ஒரு மணி நேரம் பொம்மை செய்வது! துணி, அட்டை, பஞ்சு இவற்றைக் கொண்டு பொம்மையும் புத்தகமும் தைக்கிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் கைவேலை வகுப்பு. ஆனால் கை வேலையில் இருக்கும்போது வாய் திறக்கிறது. பக்கத்தில் தைக்கும் தாயிடம் சொல்லும் விஷயத்தை யாரும் வட்டமாக உட்கார்ந்து சொல்வதில்லை. வீட்டுக்குப் போகும்போது குழந்தைக்குக் கொடுக்க ஒரு பொருளும் கையில் இருக்கும். படிப்பு முடிந்ததும் அங்கியும் தொப்பியும் போட்டுப் பட்டமளிப்பு விழா நடத்துகிறார்கள். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்ட பெண்ணுக்கு அதுதான் வாழ்வின் முதல் பட்டமளிப்பு, பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முடித்த தாய்மாரில் பலர் பின்னாளில் அங்கேயே ஊழியர்கள் ஆனார்கள். ஒரே ஒரு மாதிரியை ஆழமாகப் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஒன்பது மாதத்துக்குப் பணமும் ஆளும் இல்லாதவர்களுக்கு அப்ரியெந்தோ புவெர்தாஸ் பொருந்தும். லாஸ் ஏஞ்சல்ஸில் 2007இல் லத்தீனோ பெற்றோரோடு சேர்ந்தே உருவானது. ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளின் பெற்றோருக்குப் பத்து அமர்வுகள். பழமொழிகளையும் லோத்தெரியா எனும் மெக்சிகப் பட அட்டை விளையாட்டையும் பாடத்துக்குள் இழைத்திருக்கிறார்கள். லோத்தெரியாவில் எழுத்தைவிடப் படம்தான் முக்கியம், ஆகவே படிக்கத் தெரியாதவரும் ஜெயிக்கலாம். சைல்டு ட்ரெண்ட்ஸ் ஆய்வு நிறுவனம் பெற்றோரைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டு 2014இல் வெளியிட்ட ஆய்வில், வகுப்புக்கு வந்தவர்களிடம் குழந்தைக்குப் படித்துக்காட்டுவது உள்ளிட்ட பழக்கங்கள் முன்னேறியது தெரிந்தது.

வகுப்புக்கு வரவே முடியாத குடும்பங்கள் இருந்தால் வீட்டுக்குப் போகும் திட்டம் வேண்டும். மிசௌரியில் 1981இல் தொடங்கிய ‘பெற்றோரே ஆசிரியர்’ திட்டமும், இஸ்ரேலில் 1969இல் பிறந்து 1984இல் அமெரிக்கா வந்த, பெற்றோரே வீட்டில் சிறு பிள்ளைகளுக்குக் கற்பிக்க உதவும் ஹிப்பி (HIPPY) திட்டமும் இந்த வகை. முதலாவதை சலினாஸ் பள்ளத்தாக்கில் ஆராய்ந்தபோது மொத்தப் பலன் சிறிதாகவே இருந்தது, ஆனால் ஸ்பானிய மொழி பேசும் தாய்மாரின் பிள்ளைகளுக்குக் கூடுதலாகக் கிடைத்தது. பெரிய பிள்ளைகளின் பெற்றோருக்குப் பள்ளியோடு பேசக் கற்றுத்தருவது நோக்கம் என்றால், 1987இல் சான் டியேகோவில் தொடங்கிய பீக்கே (PIQE) நிறுவனத்தின் குறுகிய காலப் படிப்பைப் பாருங்கள்.

படி 6: பாடத்தை அந்த அறைக்கு ஏற்பத் திருத்துங்கள்

மொழிபெயர்ப்பு மட்டும் போதாது. டெட்ராய்ட்டில் மெக்சிகப் பின்னணிப் பெற்றோரிடம் ஒரே பயிற்சியை இரு வடிவங்களில் நடத்திப் பார்த்தார்கள். ஒன்றில் பெற்றோர் திறன்கள் மட்டும் ஸ்பானிய மொழியில் இருந்தன. மற்றொன்றில் குடிபெயர்வு, இனப்பாகுபாடு, இரண்டு பண்பாடுகளுக்கு இடையில் பிள்ளை வளர்ப்பது பற்றிய பேச்சும் சேர்ந்திருந்தது. இரண்டுமே உதவின, இரண்டாவதில் பிள்ளைகளிடம் கூடுதல் முன்னேற்றம் தெரிந்தது. பிள்ளையிடம் பொறுமையாக இரு என்று சொல்வதற்கு முன், அந்தப் பொறுமையைத் தின்பது எது என்று கேட்க இடம் கொடுத்ததால் இருக்கலாம்.

எந்தப் பாடத்திட்டமானாலும் நான்கு தலைப்புகளைத் தவறவிடாதீர்கள்.

வீட்டு மொழி. ‘பிள்ளை குழம்பிவிடும், ஆங்கிலத்திலேயே பேசுங்கள்’ என்று பல பெற்றோருக்கு ஆசிரியர்களே சொல்லியிருப்பார்கள். அது தவறு. தாய் தனக்கு நன்றாக வரும் மொழியில் கதை சொல்லும்போதுதான் பிள்ளைக்குச் சொல்வளம் கிடைக்கிறது. இரு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு கெடுவதில்லை. இதைக் கேட்டதும் பல முகங்களில் நிம்மதி தெரியும்.

கண்டிப்பு. ‘அடிக்கக் கூடாது’ என்று பிரசங்கம் செய்தால் அறை மூடிக்கொள்ளும். மெக்சிக அம்மாவின் பறக்கும் செருப்பைப் பற்றி எல்லாரும் சிரித்துப் பேசுவார்கள். விளக்குமாற்றோடு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிரிப்பு அடங்கியதும், அன்று அடி வாங்கியபோது என்ன நினைத்தீர்கள் என்று கேளுங்கள். பாடத்தை அவர்களே நடத்திவிடுவார்கள். அதன் பிறகு மாற்று வழிகளைச் செய்து காட்டுங்கள்.

பள்ளியில் உரிமைகள். பெற்றோருக்குப் புரியும் மொழியில் தகவல் தருவது மத்திய நிதி பெறும் பள்ளிகளின் சட்டக் கடமை. பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக உட்காரவைக்க வேண்டாம் என்று சொல்லும் வாக்கியத்தைப் பெற்றோரை வாய்விட்டுப் பயிற்சி செய்யவையுங்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் பேச்சிலோ அசைவிலோ தாமதம் தெரிந்தால், மாநிலத்தின் ஆரம்பகால உதவித் திட்டம் பரிந்துரை கிடைத்த 45 நாட்களுக்குள் மதிப்பீடு முடித்து முதல் திட்டக் கூட்டம் நடத்த வேண்டும். பெரிய பிள்ளைக்குச் சிறப்புக் கல்வி மதிப்பீடு வேண்டுமானால் எழுத்தில், தேதியிட்டுக் கேட்க வேண்டும். வாயால் கேட்டது காற்றோடு போகும். அந்தக் கடிதத்தை வகுப்பிலேயே எழுதவையுங்கள்.

அப்பாக்கள். ‘தந்தையரும் வரலாம்’ என்ற அழைப்பு அவர்களை வரவழைக்காது. பெயர் சொல்லி, ஓர் ஆண் ஊழியர் அழைக்க வேண்டும். வேலை முடியும் நேரம் பார்த்து வகுப்பு வைக்க வேண்டும்.

படி 7: உதவித் திட்டங்களோடு இணையுங்கள்

211 என்ற உதவித் தொலைபேசி எண்ணை முதல் வாரமே சொல்லுங்கள். பெரும்பாலான இடங்களில் உணவு, வாடகை உதவி, மருத்துவம் பற்றி ஸ்பானிய மொழியிலும் வழிகாட்டுவார்கள். தாய்-சேய் ஊட்டச்சத்துத் திட்டம், உணவு உதவி, குழந்தைகள் காப்பீடு ஆகியவற்றுக்கு அங்கே பிறந்த பிள்ளைக்குத் தகுதி இருந்தும், நாளை தங்கள் பச்சை அட்டை (நிரந்தரக் குடியிருப்பு அனுமதி) மனுவைப் பாதிக்கும் என்று பயந்து விண்ணப்பிக்காத குடும்பங்கள் ஏராளம். 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த விதி இந்த மூன்றையும் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் ஆட்சி மாறும்போது இந்த விதியும் ஆட்டம் காண்கிறது. ஆகவே அங்கீகாரம் பெற்ற குடிவரவு வழக்கறிஞரை ஒரு வகுப்புக்கு அழையுங்கள். ‘நொத்தாரியோ’ என்று பலகை மாட்டியிருப்பவரிடம் போக வேண்டாம் என்றும் எச்சரியுங்கள். மெக்சிகோவில் அது உயர்ந்த சட்டப் பதவி. அமெரிக்காவில் கையெழுத்துக்குச் சாட்சி முத்திரை குத்துபவருக்குச் சட்ட ஆலோசனை சொல்லும் உரிமை கிடையாது. பணமும் மனுவும் சேர்ந்து போனவர்கள் உண்டு.

படி 8: பணம்

ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகளுக்கான மத்திய நிதியில் 5 லட்சம் டாலருக்கு மேல் பெறும் ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் குறைந்தது 1 சதவீதத்தைப் பெற்றோர் பங்கேற்புக்கு ஒதுக்க வேண்டும். அதில் 90 சதவீதம் பள்ளிகளுக்கே போக வேண்டும். செலவிடுவது பற்றிய முடிவில் பெற்றோருக்கும் இடம் உண்டு. இது சட்டம். அந்தப் பணம் எங்கே போகிறது என்று மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். ஹெட் ஸ்டார்ட் மையங்கள் ஆய்வு ஆதாரமுள்ள பெற்றோர் பாடத்திட்டம் ஒன்றை நடத்தியே ஆக வேண்டும் என்று 2016 விதிகள் சொல்கின்றன. பல மையங்களுக்கு நடத்த ஆள் கிடைப்பதில்லை. நீங்கள் ஆளோடு போனால் கதவு திறக்கும்.

படி 9: பலன் தெரிகிறதா என்று பாருங்கள்

‘1 முதல் 5 வரை மதிப்பெண் இடுக’ என்ற படிவத்தைக் கொடுத்தால் அத்தனை பேரும் 5 போடுவார்கள். உங்களை அவமதிக்கக் கூடாது என்ற மரியாதை அது. வகுப்பின் வெற்றி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வகுப்புக்கு முன்பு வாங்கும் பதிலிலும் சிக்கல் உண்டு: குழந்தையோடு பேசுவது என்றால் என்ன என்று தெரியாதபோது ‘நிறையப் பேசுகிறேன்’ என்பார், கற்ற பிறகு ‘கொஞ்சம்தான் பேசுகிறேன்’ என்பார். தாளில் பார்த்தால் வகுப்பு அவரைக் கெடுத்துவிட்டது! கடைசி வகுப்பில் ‘அன்று எப்படி இருந்தீர்கள், இன்று எப்படி’ என்று இரண்டையும் சேர்த்துக் கேட்பது இதைக் கொஞ்சம் சரிசெய்யும். எழுதக் கொடுக்காமல், வகுப்பு நடத்தாத ஒருவர் வாய்மொழியாகக் கேட்கட்டும்.

அதைவிட நம்பகமானவை செயல்கள். நான்காவது வாரத்துக்குப் பிறகும் எத்தனை குடும்பங்கள் வருகின்றன? எத்தனை பேர் நூலக அட்டை வாங்கினார்கள்? எத்தனை பேர் ஆசிரியரைத் தாமாகப் போய்ப் பார்த்தார்கள்? எத்தனை மதிப்பீட்டுக் கடிதங்கள் பள்ளிக்குப் போயின? வராமல் நின்றவர்களை அழைத்து ஏன் என்று கேளுங்கள். திருப்தியோடு முடித்தவர்களைவிட அவர்களிடம் திட்டத்தைப் பற்றிய உண்மை அதிகம் இருக்கும். வேலை நேரம் மாறிவிட்டது என்று பலர் சொன்னால் படி 4க்குத் திரும்புங்கள். எதுவும் சொல்லாமல் மழுப்பினால் படி 2ஐப் பாருங்கள்.

பட்டமளிப்பு நாளுக்குள் அடுத்த குழுவை நடத்தப்போகும் இருவரைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். எட்டாவது வாரத்தில் மற்றவர்கள் யாரைச் சுற்றி உட்காருகிறார்கள் என்று பாருங்கள். அந்தத் தாயிடம் போய்ச் சம்பளத்தைச் சொல்லிக் கேளுங்கள்.